பூ விழும் குளத்தில் பங்காரம்மா

“என்ற உசுரு, என்ற ஆத்தா, என்ற மடி. குறுக்க நிக்கறதுக்கு நீ ஆரு?”

கேட்டவன் புது வேட்டி கசங்காமல் கரையில் நின்றிருந்தான். பங்காரம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கயிற்றில் அடுத்த பிளாஸ்டிக் கேனைக் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பல்லில் கவ்வியிருந்த சணல் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“போட் என்றதுங்க,” என்றார்.

குளத்தின் அந்தப் பக்கம், மணல் திட்டில் இரும்புக் குழாய்களைப் புதைத்துக்கொண்டிருந்த ஷேக் பரீத்துக்கு இந்தக் கேள்வியும் பதிலும் மனப்பாடம். உக்கடத்திலிருந்து வருஷம் தவறாமல் இங்கே வந்து வாண வேடிக்கை விடுகிறவர் அவர். ஒவ்வொரு தை மாதமும் வேறொரு தொண்டையிலிருந்து அதே கேள்வி வரும். ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வியும் அல்ல. விரும்பியே நெருப்புக்குக் கீழே போகிறவனைத் தடுக்க இன்னொருவருக்கு என்ன உரிமை? உயிரும் அவனுடையது, நம்பிக்கையும் அவனுடையது. படகு என்னுடையது என்பது அதற்கு விடையாகாது. பரீத்துக்கு அது தெரியும். பங்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் கேட்டவன் அடுத்த வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் அவர் அடுத்த கேனைக் கட்டி முடித்திருப்பார்.

பூளைக்காட்டுக் குளம் பல்லடம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. தை கடைசி வெள்ளியன்று மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா. இருட்டியதும் குளத்துக்கு மேலே வாண வேடிக்கை நடக்கும். அது முடிந்த பிறகுதான் அம்மன் தெப்பம் ஏறுவாள். வானத்தில் வெடித்துச் சிதறும் அவுட்டுகளின் கங்கு தண்ணீரை நோக்கி இறங்கும். மற்ற ஊர்களில் அதைப் பொறி என்பார்கள், கங்கு என்பார்கள். இந்த ஊரில் அதற்குப் பூ என்று பெயர். உயிரோடு, அதாவது அணையாமல், ஒரு பூ மடியில் விழுந்துவிட்டால் கேட்டது கிடைக்கும். பூ உயிரோடு வேண்டுமென்றால் நடுக்குளத்துக்குப் போக வேண்டும். அங்கே நின்றுகொண்டு மடியேந்த வேண்டும். உட்கார்ந்து ஏந்தினால் அது கேட்பதாகாது.

நடுக்குளத்தில், மிதக்கும் படகில், எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் இந்த ஊரின் வேண்டுதல். அதை வேறு யாரும் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. பங்காரம்மா சொல்வார்.

“நெருப்பு ஆளைக் கொல்றதில்லீங்க பாய். எந்திரிச்சு நிக்கறதுதான் கொல்லுது.”

ஆள் குள்ளம். சேலைக்கு மேல் கணவரின் பழைய காக்கிச் சட்டை. கணவர் சீனிவாசலு, ஒரு மில்லில் ஃபிட்டர். சட்டை அவருடையது என்றாலும் அது அவர் தோளில் இருந்ததைப் பார்த்தவர்கள் குறைவு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில், பஸ் கண்டக்டர் வைத்திருப்பது போல. ஒரு விசில் என்றால் நில். இரண்டு விசில் என்றால் போ. பங்காரம்மா இரண்டு விசில் ஊதி யாரும் கேட்டதில்லை. வறுத்த நிலக்கடலையும் வெல்லமும் சேலை முந்தியில் எப்போதும் முடிந்திருக்கும், யாருக்கும் கொடுக்க மாட்டார். படகுகளோடு மட்டும் தெலுங்கில் பேசுவார். கழுத்து நீண்ட அன்னப்பறவை வடிவத்தில் எட்டு மிதி படகுகளும் இரண்டு துடுப்புப் படகுகளும் அவரிடம் இருக்கின்றன. கரையில் கட்டிப்போடும்போது ஒவ்வொன்றின் கழுத்திலும் தட்டி ஏதோ திட்டுவார். மனிதர்களுக்கு அந்த நெருக்கம் கிடைப்பதில்லை.

ஊரில் அவரைப் பிடித்தவர்கள் என்று தேடினால் கஷ்டம். மிதவைச் சட்டை போட மறுக்கிற பெண்களிடம், “பட்டுச் சேலை கசங்கினா தேச்சுக்கலாமுங்க கண்ணு, நீங்க கசங்கினா ஆரு தேய்க்கறது?” என்பார். படகில் எழுந்து நிற்கிறவர்களின் முழங்காலில் மூங்கில் கழியால் ஒன்று வைப்பார். வயது பார்ப்பதில்லை. தாலி கட்டிய ஈரம் காயாத ஒரு மாப்பிள்ளைக்கும் அந்த அடி கிடைத்திருக்கிறது. அடித்துவிட்டு, “உக்காருங்க சாமி,” என்றார். அதுதான் அவரிடம் உள்ள விசித்திரம். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாகப் பேசும்போது ஒரு ‘ங்க’ என்றால், ஆத்திரத்தில் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ விழும். எதிரே நிற்கிறவருக்கு, தான் மதிக்கப்படுகிறோமா மிதிக்கப்படுகிறோமா என்று புரிவதற்குச் சற்று நேரமாகும்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி அவர் அனுதாபம் தேடுவதில்லை. தொண்ணூறாம் வருஷம் குளத்தில் படகு விடும் உரிமை முதன்முதலாக ஏலத்துக்கு வந்து, அவர் எடுத்தார். அதுவரை மடியேந்த ஆசைப்பட்டவர்கள் பரிசலில் இரண்டு மூன்று பேராகத்தான் போவார்கள். படகு வந்ததும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். அந்தத் தை மாதம் துடுப்புப் படகு ஒன்றில் ஏழு பேர். பூ ஒன்று இடது பக்கமாக இறங்கியது. ஏழு பேரும் இடது பக்கம் எழுந்து மடியை விரித்தார்கள். ஆறு பேரைப் பங்காரம்மா தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். ஏழாவது ஆள் வெள்ளியங்கிரி, சென்னிமலையில் போர்வை நெய்கிறவர், தங்கை வீட்டுக்கு நோம்பிக்கு ஒரம்பரையாக, விருந்தாளியாக வந்தவர். காலையில் அல்லித் தண்டுகளுக்கு நடுவில் அவரைக் கண்டெடுத்தார்கள்.

“குடுத்து வச்சவன். ஆத்தாளே மடியில எடுத்துக்கிட்டா,” என்றார்கள் கரையில்.

நனைந்த சட்டையோடு உட்கார்ந்திருந்த பங்காரம்மா தலை நிமிர்ந்தார். “ஆத்தா எடுக்கலீங்க. நாந்தானுங்க டிக்கெட் குடுத்தேன்.”

ஊர் அந்த வாக்கியத்தை இன்னும் மன்னிக்கவில்லை. ஆத்தா செய்ததை ஒரு படகுக்காரி தன் கணக்கில் எழுதிக்கொண்டால், அப்புறம் ஆத்தாளுக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த வருஷமே கயிறு வந்தது. குளத்தின் குறுக்கே, கரைக்கு அருகில், கேன்கள் மிதக்கும் கயிறு. படகுகள் அதற்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கலாம். அந்தப் பக்கம் கிடையாது. ஒவ்வொரு படகிலும் நனைத்த கோணிச் சாக்கு. பங்காரம்மா தன் துடுப்புப் படகைக் கயிற்றோரம் நிறுத்திக்கொண்டு, வானத்துக்கு முதுகைக் காட்டி, படகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊரே அண்ணாந்து வாய் பிளக்கும்போது அவர் ஒருவர் மட்டும் மனிதர்களின் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பாதியாக வெட்டிய எண்ணெய்த் தகரம், நிறையத் தண்ணீரோடு. காற்று தள்ளிக்கொண்டு வரும் கங்கு எந்தப் படகில் விழுந்தாலும் அந்தத் தகரம் பறந்து வந்து கவிழும். சொய்ங் என்று ஒரு சத்தம். “ஐயோ, ஆத்தா உட்ட பூவை அணைச்சுப்போட்டாளே!” என்று வருஷா வருஷம் யாராவது ஒருவர் அழுவார். தகரம் மறுபடி நிரம்பியிருக்கும்.

பரீத்தோடு அவருக்கு இருந்த ஒரே ஏற்பாடு டார்ச் லைட். ஒன்றில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர், ஒன்றில் பச்சை. கயிற்றுக்கு அப்பால் யாருமில்லை என்றால் பச்சை. பச்சை வராமல் பரீத் திரியைத் தொட மாட்டார். ஊர்க்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். உக்கடத்தில் அவர் மனைவி பக்ருன்னிசாவும் விடவில்லை. “கேட்டுட்டுப் போங்க, அந்தம்மா பச்சை காட்டினாத்தான் இவருக்கு இங்க சோறும் இறங்கும்,” என்பாள் வந்தவர்களிடம். பரீத் சிரித்துவிட்டு, “அந்தம்மா காட்டிடும். நீ என்னிக்குக் காட்டியிருக்கே?” என்பார்.

போன தையில்தான் அது நடந்தது.

விழாக் கமிட்டித் தலைவர் பொங்கியண்ணன் பகலிலேயே படகுத் துறைக்கு வந்தார். பெரிய தோட்டக்காரர். ஏலம் யாருக்கு என்பது அவர் தலையசைப்பில் இருக்கிறது. குளத்து நீர் எட்டாத மேட்டுக்காட்டில் அவருக்குத் தென்னந்தோப்பு. போர் போட்டு, இன்னும் ஆழமாகப் போட்டு, இடம் மாற்றியும் போட்டு, வெறும் புழுதிதான் வந்தது.

“ஏம்மா பங்காரம்மா, சாயங்காலம் எனக்கொரு போட். நடுக்கொளத்துக்குப் போகோணும்.”

“கயித்துக்கு இக்கட்டால எங்க வேண்ணாலும் உக்காருங்ணா. தலைவருக்கு அன்னமாவே தாரேனுங்க.”

“வெளையாடாதே. மடியேந்தோணும்.”

“தண்ணி வேணுமின்னு நெருப்பைக் கேக்கப் போறீங்களாங்ணா?”

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. “நான் கேக்கறது ஆத்தாகிட்ட. உன்னைக் கேக்கலே. வர்ற ஏலத்துல உன்ற பேரு இருக்கோணுமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுப்போட்டேனுங்க. போட் இல்லீங்க. நீங்க பெரியவங்க, நல்லா இருக்கோணுமுங்க. போய்ட்டு வாங்க.”

ஒரு மூச்சில் இத்தனை ‘ங்க’ கேட்டதும் பரீத் மணல் திட்டில் கையிலிருந்த வேலையை நிறுத்தினார். அப்படியென்றால் கொதித்துக்கொண்டிருக்கிறார்.

அவர்கள் போனதும் பங்காரம்மா படகுகளை ஒவ்வொன்றாகக் கரையில் சாய்த்தார். படகின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை உண்டு, அதை அடைக்க ரப்பர் தக்கை. எல்லாத் தக்கைகளையும் பிடுங்கிக் காக்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். தன் துடுப்புப் படகுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் யாருக்கும் படகு இல்லை. சாதாரணமாகக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்காருகிறவர்களும் கரையில்தான் நிற்க வேண்டியதாயிற்று. தலைவர் மேலிருந்த கோபத்தில் எல்லோரையும் கரையேற்றியது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லைதான். “ஒருத்தருக்காக ஊரையே தண்டிக்கறயா?” என்று கேட்டவர்களுக்கு, “ஆமாங்க,” என்றார்.

இருட்டியது. மைக்கில் பாட்டை நிறுத்தினார்கள். பரீத் குழாய்களுக்குப் பின்னால் நெருப்புக் கோலோடு தயாராக நின்று கயிற்றுப் பக்கம் பார்த்தார். சிவப்பு வந்தது.

பொங்கியண்ணன் மேற்குக் கரையில் மீன் பிடிக்கிறவர்களின் பரிசல் ஒன்றை வாங்கி, தனியாகவே துழாவிக்கொண்டு நடுக்குளத்துக்குப் போயிருந்தார். பரிசலில் நின்றுகொண்டு, வேட்டி முனையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தார். அறுபது வயது மனிதர். பரிசல் ஆடுவது டியூப் லைட் வெளிச்சத்தில் தண்ணீரிலேயே தெரிந்தது.

கமிட்டிக்காரர் ஒருவர் மணல் திட்டுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தார். “பாய், வைங்க. தலைவரே சொல்லிப்போட்டாரு.”

“பச்சை வரலீங்க.”

“நோம்பி நடத்தறது கமிட்டியா, அந்தம்மாளா?”

“நோம்பி நீங்க நடத்துங்க. மேல போற அவுட்டு ஆருக்கு மேல எறங்கும்னு அந்தம்மாதானுங்க பாக்குது.”

கரையில் கூச்சல் எழுந்தது. விசில் அடித்தார்கள், தலைவரை உற்சாகப்படுத்தினார்கள், படகுக்காரியைத் திட்டினார்கள். தெப்பத்துக்குக் குறித்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு அசையவில்லை. பொங்கியண்ணனும் அசையவில்லை. சற்றுப் பொறுத்து, பங்காரம்மா கயிற்றைத் தூக்கிவிட்டுத் தன் படகை அடியில் நுழைத்து, அந்தப் பக்கம் துழாவிப் போனார்.

நீர்மேல் குரல் தூரம் வரும். கரை அடங்கிப்போனது.

“வாங்ணா, கரைக்குப் போலாமுங்க.”

“வரமாட்டேன். நீ பச்சையைக் காட்டு.”

“காட்டமாட்டேனுங்க.”

“அப்ப ரெண்டு பேரும் விடிய விடிய இப்படியே உக்காந்திருக்கலாம்.”

“நீங்க எங்கீங்க உக்காந்தீங்க? நின்னுட்டல்ல இருக்கீங்க. உக்காந்தீங்கன்னா எனக்குப் பாதி வேலை கொறையுமுங்க.”

கரையில் யாரோ சிரித்தார்கள். யாரோ அவர்களை அதட்டினார்கள்.

“மடியேந்தறது நின்னுதான் அம்மணி. எங்கப்பன் நின்னான். அவங்கப்பன் நின்னான்.”

“உக்காந்து கேட்டா ஆத்தாளுக்குக் காது கேக்காதுங்களா?”

பரிசல் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. மறுபடி பொங்கியண்ணன் பேசியபோது அது கமிட்டித் தலைவரின் குரலாக இல்லை. கரையில் எல்லோருக்கும் கேட்கும் என்பதையும் அவர் மறந்துவிட்டிருக்க வேண்டும்.

“கடைசி போரும் பொகையாப் போச்சு பங்காரம்மா. மரமெல்லாம் மொட்டையா நிக்குது. காலையில எந்திரிச்சா அதைப் பாக்க முடியலே. கேக்கற எடமெல்லாம் கேட்டுப்போட்டேன். இனி எங்க போய்க் கேக்கச் சொல்றே, சொல்லு.”

பங்காரம்மா யோசித்தாரா, அலுத்துப்போனாரா, பரீத்தால் சொல்ல முடியாது. தன் படகைப் பரிசலோடு சேர்த்துக் கட்டினார். “உக்காருங்க,” என்றார். ஒரே ஒரு ‘ங்க’. பொங்கியண்ணன் உட்கார்ந்தார். அவர் ஒரு பக்கம் சாய்ந்ததும், எதிர்ப் பக்கமாகப் பங்காரம்மா பரிசலுக்குள் வழுக்கி இறங்கினார். நனைந்த கோணியை அவர் தலையோடு போர்த்தி, மடி வரைக்கும் இழுத்துவிட்டார். எண்ணெய்த் தகரத்தைக் குளத்தில் முக்கி நிரப்பிக்கொண்டார். சிவப்பு அணைந்தது. பச்சை எரிந்தது.

“பச்சை வந்திருச்சே பாய்!” என்றார் கமிட்டிக்காரர்.

வந்தது. ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. இத்தனை வருஷம் அந்தப் பச்சைக்கு ஒரே அர்த்தம்தான்: அங்கே யாருமில்லை. இப்போது அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர்தான் பச்சையைக் காட்டுகிறார். பரீத்தின் கையில் நெருப்புக் கோல் எரிந்து குட்டையாகிக்கொண்டிருந்தது. தன் விருப்பத்தோடு நெருப்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரைத் தடுக்கத் தனக்கு உரிமை உண்டா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொண்டார். அங்கே எழுந்து நிற்க யாருமில்லை, அதைத்தான் அந்தப் பச்சை சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லித் திரியில் வைத்தார்.

ஏலத்தின்போது பொங்கியண்ணன் வாய் திறக்கவில்லை. போரைப் பற்றியும் அவர் யாரிடமும் பேசுவதில்லை. பங்காரம்மா இந்த வருஷமும் கயிறு கட்டுகிறார். கரையில் நின்று கேட்கிறவனுக்கு அதே பதிலைச் சொல்கிறார். பரீத் மட்டும் ஒரு தடவை, டீ குடித்துக்கொண்டே, போன வருஷம் பரிசலில் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். “உங்க வெடிமருந்துல வருஷத்துக்கு வருஷம் பொகை ஜாஸ்தியா வருதுங்க பாய். சித்தெ பாத்துக்கோங்க,” என்றார் பங்காரம்மா. சொல்லிவிட்டு முந்தியை அவிழ்த்து, யாருக்கும் கொடுக்காத கடலையில் நாலைந்தை அவர் கையில் வைத்தார்.

பரீத் கேட்டது அந்த ஒரு நொடியைப் பற்றித்தான். அன்று, தங்க மழை என்று அவர் பெயர் வைத்திருக்கும் அவுட்டு மேலே போய் விரிந்து, குளம் பட்டப் பகலாயிற்று. பொன்னிறத்தில் நூறு இழைகள் தொங்கின. பெரும்பாலானவை பாதி வழியிலேயே கறுத்தன. ஒன்று அணையாமல் ஆடி ஆடி இறங்கி, பரிசலுக்குள், பொங்கியண்ணனின் மடியை மூடிய ஈரக் கோணியின் மேல் விழுந்தது. கோணிக்குள் தலை துள்ளி எழப் பார்த்தது. பங்காரம்மாவின் இடது கை அந்தத் தலையை அழுத்திப் பிடித்தது. வலது கை தகரத்தோடு உயர்ந்தது. இத்தனை வருஷம் தப்பாத கை. மடியில் பூ சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. பங்காரம்மா கையைப் பரிசலின் விளிம்புக்கு வெளியே நீட்டி, தகரத்துத் தண்ணீரைக் குளத்திலேயே கவிழ்த்தார்.